ஒட்டிய பட்டையும் ஒட்டாத பட்டையும்

கொற்கைக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "துறைமுகம் எந்தப் பக்கம்?" என்பதுதான். பாண்டியர்களின் முத்துத் துறை என்று எங்கோ படித்துவிட்டு வந்திருப்பார்கள். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது, தாமிரபரணி கொண்டுவந்து போட்ட வண்டல் மேல்தான் நாம் நிற்கிறோம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். வாழைத் தோப்பு, வயல், குளம், கோயில்கள், கிழடு தட்டிய ஒரு வன்னி மரம். நாங்கள் காட்டக்கூடியது இவ்வளவுதான்.

கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வந்து தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை முறையாகக் குழி போட்டது. அப்போது கிடைத்த கரித்துண்டைப் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 785 என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் பத்தாவது தாண்டாதவர்கூட அந்த எண்ணைச் சொல்லுவார். ஆனால் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு எண்ணும் வந்தது: கூட்டவோ கழிக்கவோ 95 ஆண்டு. அதாவது கி.மு. 880க்கும் 690க்கும் நடுவே எங்கோ இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அதை யாரும் சொல்வதில்லை. மேடையில் பேசுகிறவருக்கு 785 போதும். எனக்கு அந்த 95 மேல்தான் கண். கணக்கு வாத்தியாருக்கு வேறு எங்கே கண் போகும்?

புள்ளியியல் பாடம் நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில்தான் இருந்தது. அங்கே வந்து சேர்வதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்து, திருப்புதல் தேர்வு கழுத்துக்கு வந்துவிடும். "கிராஃப் மட்டும் நல்லாப் போட வச்சிருங்க சார், மார்க் நிச்சயம்" என்று தலைமையாசிரியர்கள் சொல்லுவார்கள். பிள்ளைகளும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பட்டை வரைபடம் என்றால் பட்டைக்குப் பட்டை இடைவெளி விட வேண்டும். நிகழ்வுச் செவ்வகம் என்றால் விடக் கூடாது, ஒட்டி ஒட்டி நிற்க வேண்டும். வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஒரு மார்க் போச்சு. ஏன் ஒன்றில் இடைவெளி, ஏன் இன்னொன்றில் இல்லை என்று கேட்டால் வகுப்பு கப்சிப்.

ஒரு வருஷம், ஏரல் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய இருந்த ஒன்பதாம் வகுப்பில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலோ பக்கத்துத் தோப்பிலோ வெட்டுகிற வாழைத்தார் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விஷயம் எழுதி வர வேண்டும்: என்ன ரகம், எத்தனை கிலோ. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரல் வரை வாழைதானே பிழைப்பு. திங்கட்கிழமை காலையில் காகிதங்கள் வந்து குவிந்தன. ஒரு காகிதத்தில் வாழைக் கறை.

முதலில் ரகம். ஏத்தன், கற்பூரவள்ளி, நாடு, சக்கை, கோழிக்கூடு, செவ்வாழை என்று கரும்பலகையில் பட்டை போட்டேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க வீட்டு வாழை கோழிக்கூடு சார், அதை முதல்ல போடுங்க" என்றாள். அழித்துவிட்டு முதலில் போட்டேன். படம் கெட்டுப்போகவில்லை. இன்னொருவன் உயரமான பட்டையிலிருந்து குட்டைக்கு வரிசையாகப் போடச் சொன்னான், அதுவும் போட்டேன். பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. ஏத்தனுக்கும் செவ்வாழைக்கும் நடுவே எதுவும் இல்லை. எதை எங்கே வைத்தாலும் அது அதுதான்.

அடுத்தது எடை. பத்துப் பத்துக் கிலோவாக வகுப்புப் பிரித்தேன். 10 வரை கொஞ்சம், 10 முதல் 20 வரை நிறைய, 20 முதல் 30 வரை அதே அளவு நிறைய. மூன்று பட்டையும் ஒட்டி நின்றன. "சரி, இப்ப இருபது முப்பதைக் கொண்டுபோய் முதல்ல வைப்போமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "அது எப்படி சார், பத்துக்கு முன்னால இருபது வரும்?" அவ்வளவுதான் பாடம். நகர்த்தக் கூடியதற்கு இடைவெளி, நகர்த்தக் கூடாததற்கு ஒட்டு. 19 கிலோ 950 கிராமுக்கும் 20 கிலோவுக்கும் நடுவே வேலி கிடையாது. வகுப்பு எல்லை நாம் போட்டது, தார் போட்டது இல்லை.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான். அப்பா மண்டியில் தார் ஏற்றி இறக்குகிறவர். அவன் பரீட்சையில் முப்பத்தைந்தைத் தொடத் தடுமாறுகிறவன். படத்தைச் சாய்ந்து பார்த்துவிட்டு, "சார், அஞ்சஞ்சாப் போடுங்க" என்றான். எதுக்குல என்று கேட்டேன். "போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். ஒரே மேடாக நின்ற படம் இரண்டு மேடாகப் பிளந்தது. 10 முதல் 15 வரை ஒரு மேடு, 20 முதல் 25 வரை இன்னொரு மேடு, நடுவே 15 முதல் 20 பள்ளம். பையன் சொன்னான்: "ஏத்தனையும் கற்பூரவள்ளியையும் ஒண்ணாக் கலந்து எழுதியிருக்கு சார். ஏத்தன் இவ்வளவுதான் நிக்கும். கற்பூரவள்ளி அந்தப் பக்கம்." அந்தத் தார்கள் அத்தனைக்கும் சராசரி எடை போட்டுப் பார்த்தால் நேராகப் பள்ளத்தில் போய் விழுந்தது. சராசரி எடையில் ஒரு தாரைக் கொண்டு வா என்றால் தோப்புத் தோப்பாக அலைய வேண்டும்.

பத்து கிலோ அகலத்தில் ஒளிந்திருந்தது ஐந்து கிலோ அகலத்தில் வெளியே வந்தது. இன்னும் குறைத்து, அரை அரைக் கிலோவாகப் போட்டால் பல் போன சீப்பு மாதிரி ஆகிவிடும், ஒன்றும் தெரியாது. எத்தனை வகுப்பு போடலாம் என்பதற்குச் சூத்திரங்கள் உண்டு. எந்தச் சூத்திரத்துக்கும் அந்தப் பையனுக்குத் தெரிந்தது தெரியாது. சரக்கைத் தெரிந்தவன்தான் அகலத்தைச் சொல்ல வேண்டும்.

பட்டை வரைபடத்தைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படுகிற வில்லியம் பிளேஃபேர், 1786இல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தில், ஸ்காட்லாந்து 17 நாடுகளோடும் இடங்களோடும் செய்த ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டையாகப் போட்டார். பல ஆண்டுக் கணக்கு கையில் இருந்திருந்தால் கோடாக வரைந்திருப்பார், ஒரே ஆண்டுக் கணக்குத்தான் கிடைத்தது. இல்லாமையில் பிறந்த படம் அது. எண்களை வகுப்பாகப் பிரித்து ஒட்டிப் போடுகிற படத்துக்குக் கார்ல் பியர்சன் 1890களில் பெயர் வைத்தார். இதெல்லாம் ஆசிரியர் பயிற்சியில் சொன்னது. நான் இந்த விஷயத்தை நிஜமாகக் கற்றுக்கொண்ட இடம் காயல்பட்டினம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குக் காயல்பட்டினம் சொந்த ஊர். பெருநாள் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவருடைய வாப்பா முத்து வியாபாரக் குடும்பத்தில் கடைசித் தலைமுறை. தூத்துக்குடியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1955இலிருந்து சில ஆண்டுகள் நடந்து 1961உடன் நின்றுபோனது. அப்போது அவர் வாலிபம். நான் கொற்கைக்காரன் என்று தெரிந்ததும், "அப்பன்னா உங்க ஊர் சரக்குத்தான் தம்பி எங்க பிழைப்பு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார்.

உள்ளே பித்தளைச் சல்லடைகள். உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. எல்லாம் ஒரே அளவு, அடியில் இருக்கிற துளைகள்தான் வேறு வேறு. ஒன்றில் 20 துளை, அடுத்ததில் 30, அப்புறம் 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. ஒரே அகலத் தட்டில் துளை கூடக் கூடத் துளையின் வாய் சிறுக்கும். ஆயிரம் துளைக் கிண்ணத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் பொடிப் பொடியாகக் கையில் விழுந்தது. முத்துக் குவியலை முதலில் 20இல் போட்டு ஆட்ட வேண்டும். நிற்பது ஒரு வகுப்பு. விழுந்ததை அள்ளி 30இல் போட வேண்டும். நிற்பது அடுத்த வகுப்பு. இப்படியே போய் ஆயிரத்திலும் நிற்காமல் விழுவது தூள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது நிகழ்வுச் செவ்வகம். பியர்சன் பெயர் வைப்பதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் புழங்கிய கருவி. பத்துச் சல்லடையிலும் நின்றதைப் பத்துக் குவியலாக வரிசையாக வைத்தால் படம் தயார்.  இந்தச் சல்லடைகளில் வகுப்பு அகலங்கள் சமமாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சமமில்லாத அகலத்துக்கு உயரத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், பரப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் ஒரு வரி வரும். பரீட்சைக்கு அந்த மாதிரி கேள்வி வராது என்பதால் எல்லோரும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவோம்.

"சல்லடை அளவு மட்டும்தான் சொல்லும் தம்பி. விலை சொல்லாது" என்றார் வாப்பா. ஒவ்வொரு குவியலையும் துணியில் பரப்பிக் கண்ணால் தரம் பிரிக்க வேண்டும். உருட்சியும் நிறமும் ஒளியும் சேர்ந்து நின்றால் ஆணி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் வேறு தரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இதற்குச் சல்லடை கிடையாது. அளவு ஒட்டிய பட்டை, தரம் ஒட்டாத பட்டை. இரண்டையும் சேர்த்துத்தான் விலை.

இது ரொம்பப் பழைய பழக்கம். ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து, எத்தனை முத்து, எத்தனை எடை என்று கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அட்டவணை. அதிலிருந்து பட்டை வரைபடம் போடச் சொல்லி ஒரு கேள்வி கேட்டால் பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். நம் பாடப் புத்தகங்களில் ஏன் இன்னும் "ஒரு வகுப்பில் மாணவர்களுக்குப் பிடித்த நிறம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

நான் புறப்படும்போது ஒரு சந்தேகம் கேட்டேன். ஆயிரத்துக்குக் கீழே விழுவது தூள், சரி. இருபதிலும் விழாமல் மேலே நிற்கிற பெரிய முத்துகள் எல்லாம் ஒரே வகுப்பா? பெரியவர் தலையை ஆட்டினார். "அது எப்படி? இருபதுல நின்னதை மொத்தமாச் சேர்த்துப் பேசப்படாது. கடலை அளவும் இருபதுல நிக்கும், சுண்டைக்காய் அளவும் இருபதுல நிக்கும். அதை ஒண்ணு ஒண்ணா எடுத்து நிறுக்கணும். ஒண்ணு ஒண்ணா விலை பேசணும். அங்கதான் தம்பி குடும்பமே ஏறும், இல்லாட்டி இறங்கும்."

மேல்வரம்பு இல்லாத கடைசி வகுப்பைத் திறந்த வகுப்பு என்று பாடத்தில் சொல்லிவிட்டு, "அதன் அகலத்தையும் முந்தைய வகுப்பின் அகலமாகவே எடுத்துக்கொள்க" என்று சுலபமாக முடித்துவிடுவோம். நானும் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரியவர் கணக்கில் அப்படிச் செய்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

வகுப்பு அகலத்தின் இன்னொரு முகத்தை நான் பார்த்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். அது பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. வாத்தியார்களை விட்டால் அரசாங்கத்துக்கு ஆள் ஏது? எனக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். வெயிலில் தெருத் தெருவாகப் போகிற வேலை, ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. வயது என்ற கட்டத்துக்கு வந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாடகம். "எனக்கு என்னய்யா தெரியும்? எழுவதுன்னு போட்டுக்கோ" என்பாள் ஆச்சி. "சும்மா போடக் கூடாது ஆச்சி. தொண்ணூத்திரண்டு வெள்ளத்தப்போ உங்களுக்கு என்ன இருக்கும்?" என்று கேட்பேன். 1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை மறந்தவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. "அப்பவே ஐம்பது இருக்கும்யா." ஐம்பதும் பதினெட்டும் அறுபத்தெட்டு. பெரும்பாலும் ஆச்சி முதலில் சொன்ன எழுபதுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஆனால் அந்த ஐம்பதும் ஒரு முழு எண்தானே! ஆண்கள் நாற்பத்தைந்து என்பார்கள், ஐம்பது என்பார்கள். நாற்பத்தேழு என்று சொன்ன ஒரே ஆள் எல்.ஐ.சி. ஏஜெண்ட்.

கணக்கெடுப்புத் துறை ஒற்றை ஒற்றை வயதாக ஓர் அட்டவணை வெளியிடும். அதை எடுத்து ஒரு வயதுக்கு ஒரு பட்டை என்று போட்டுப் பார்க்க வேண்டும். 30இல் ஒரு கோபுரம், 35இல் ஒன்று, 40, 45, 50, 60 என்று வரிசையாகக் கோபுரங்கள். நடுவில் 41, 43, 47 எல்லாம் தரை தட்டிக் கிடக்கும். இந்தியா முழுக்க இப்படித்தான், வெள்ளைக்காரன் எடுத்த காலத்துக் கணக்கிலிருந்தே இப்படித்தான். இதை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வரையுள்ள வயதுகளில் 0, 5இல் முடிகிறவை அளவுக்கு மேல் எவ்வளவு என்று பார்ப்பது. யாரும் உருட்டிச் சொல்லவில்லை என்றால் 100, எல்லோருமே உருட்டிச் சொன்னால் 500.

அதே கணக்கை 30-34, 35-39 என்று ஐந்தைந்தாகப் போட்டால் கோபுரங்கள் அமுங்கிச் சாந்தமான ஒரு சரிவு கிடைக்கும். நமக்குக் காட்டப்படுகிற மக்கள்தொகைப் படங்கள் எல்லாம் அந்தச் சரிவுதான். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆச்சியின் ஞாபகத்தில் இருக்கிற கோணலைப் படத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள், ஒருவகையில் நியாயம்தான். வாழைத்தாரில் அகலத்தைக் குறைத்தால் உண்மை தெரிந்தது, இங்கே அகலத்தைக் கூட்டினால்தான் உண்மைக்குப் பக்கத்தில் போக முடிகிறது. எப்போது எதைச் செய்வது என்பதற்கு அந்தத் தெருவில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

இடையில் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் காலையில் பேப்பர் பிரித்ததும் பார்க்கிற விஷயம் அணை நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாகப் போட்டால் சேர்வலாறுதான் உயரமாக நிற்கும். ஆனால் சேர்வலாறு நிரம்பினாலும் பாபநாசத்தில் பிடிக்கிற தண்ணீரில் கால்வாசிகூடத் தேறாது. அடியைப் பட்டையாக்கினால் இப்படித்தான் கண்ணைக் கட்டும். இது எங்கள் விவசாயிகளுக்குத் தெரியும். "சேர்வலாறு ரொம்பிட்டாமே" என்று சொன்னால், "அது கெடக்கு, பாபநாசம் எவ்வளவு?" என்பார்கள்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. மழை முந்தின நாளே பிடித்துக்கொண்டது. ஞாயிறு இரவு மின்சாரம் போனது, செல்போன் போனது. விடிவதற்குள் எங்கள் தெருவில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆறும் வாய்க்காலும் குளமும் ஒன்றாகி, எது எது என்று பிரிக்க முடியவில்லை. மாடியுள்ள வீட்டில் நாற்பது ஐம்பது பேராக ஒண்டிக்கொண்டோம். ஏரல் மூழ்கிவிட்டது, பாலம் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். திருச்செந்தூரிலிருந்து சென்னை போன எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. நாடே அந்த ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

தண்ணீர் வடிந்து, சேறு வாரி முடித்து, பழைய பேப்பரைத் தேடி எண்களைப் பார்த்தேன். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்யவேண்டிய சராசரி மழையே 70 சென்டிமீட்டருக்குக் கீழே.

வானிலைத் துறை ஒரு நாள் மழையை வகுப்புப் பிரித்து வைத்திருக்கிறது. 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5க்கு மேலே போனால் அதிகனமழை. அதற்குச் சிவப்பு. அதற்கு மேலே எண்ணால் வரம்பு கட்டிய வகுப்பு இல்லை, நிறமும் இல்லை.

கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்று அளவுத்திட்டம் வைத்தேன். கனமழை ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி அடுத்த ஒரு சென்டிமீட்டரில் முடிந்தது. மிக கனமழை இன்னும் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர். நான்கு சென்டிமீட்டரைத் தாண்டியதும் அதிகனமழை ஆரம்பம். ஸ்ரீவைகுண்டம் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் போய் நின்றது, திருச்செந்தூர் பதினான்குக்குப் பக்கத்தில், காயல்பட்டினம் பத்தொன்பதில். தாளை நீளவாட்டில் திருப்பி வைத்ததால் கொண்டது. அறிக்கையில் ஒரே சொல்லாக இருப்பது தாளில் பதினைந்து சென்டிமீட்டர் நீளம். 21 சென்டிமீட்டர் பெய்த ஊரும் 95 சென்டிமீட்டர் பெய்த ஊரும் ஒரே வகுப்பு, ஒரே சிவப்பு.

எண்ணாக இருந்ததைச் சொல்லாக மாற்றிவிட்டோம். ஒட்டி நிற்க வேண்டிய பட்டைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒட்டாத பட்டைகளாக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் கொடுத்துவிட்டோம். நிறம் சொல்வதில் தப்பில்லை. அவசரத்தில் மில்லிமீட்டர் கணக்கு யாருக்கு ஏறும்? ஆனால் ஆரஞ்சுக்கு அடுத்து சிவப்பு என்றால், ஆரஞ்சைவிட ஒரு படி கூட என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. முந்தைய வகுப்பின் அகலத்தையே கடைசி வகுப்புக்கும் கொடுத்துவிடுகிற அந்தப் பாடப் புத்தகக் கணக்கு. எங்கள் தெருவில் அன்று சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டிருந்தால்கூட, முன்பு பார்த்த மழையை மனதில் வைத்து நெல் மூட்டையை ஒரு முழம் தூக்கி வைத்திருப்போம், அவ்வளவுதான்.

காயல்பட்டினத்துப் பெரியவர் சொன்ன முறையில், மேல் சல்லடையில் நின்றதை ஒன்று ஒன்றாக நிறுக்க வேண்டியது இங்கேதான். 204.5க்கு மேலே பெய்த நாட்களை ஊர் ஊராக, தேதி தேதியாக, எத்தனை மில்லிமீட்டர் என்று எடுத்து வைத்தால் கடைசிப் பட்டை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். குளத்துக் கரைக்கும் கலிங்குக்கும் பாலத்துக்கும் அளவு சொல்லப்போவது அந்தக் கடைசிப் பட்டைதான், சராசரி இல்லை.

வகுப்புகளை மாற்றுவது என் கையில் இல்லை. 95 சென்டிமீட்டர் பெய்யும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியுமா என்பதும் வேறு விஷயம். வானிலைத் துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் நான் கேட்பது சின்னது. சிவப்புக்கு மேலே 400க்கு ஒன்று, 600க்கு ஒன்று என்று இன்னும் இரண்டு வகுப்பு சேருங்கள். அதுவரைக்கும், சிவப்பு எச்சரிக்கை விடுகிற ஒவ்வொரு முறையும், "இதற்கு மேல்வரம்பு கிடையாது, 2023இல் இதே சிவப்பில்தான் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது" என்று ஒரு வரியைச் சேர்த்து ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.